மக்ளே, இந்தத் தடவை நிஜமாவே வர்றோம்

மக்ளே,

டிக்கெட் போட்டாச்சு, ஆப்பிரிக்காவுல இந்த மலாவி ஊழியத்த முடிச்சுக்கிட்டு ஊருக்கே வந்துடுறோம். அப்பா உங்கிட்ட சொல்லிட்டாங்கன்னு தெரியும், நீ "எதுக்கு இப்போ?"ன்னு கேட்டதையும் சொன்னாங்க. ஃபோன்ல பதில் சொல்ல ஆரம்பிச்சா ரெண்டாவது நிமிஷம் நான் அழுவேன், நீ "சரிம்மா குக்கர் விசில் அடிக்குது"ன்னு வச்சிருவ, அதான் எழுதுறேன். நம்ம ஜெபக் குழு ஆட்கள், மாசாமாசம் காணிக்கை அனுப்பினவங்க, சர்ச் பாஸ்டர் வீட்டு ஐயரம்மா எல்லாரும் இதைப் படிப்பாங்க. படிக்கட்டும். நான் கொஞ்சம் பாத்துப் பாத்துதான் எழுதுவேன், விட்டுப்போனது எதுன்னு உனக்குத் தெரியும்.

ஹாஸ்டல் பத்தி இங்க பேசல. எட்டாங்கிளாஸ்ல நீ எழுதுன அந்த லெட்டர் பத்தியும்.

ஆனா ஒண்ணு பேசணும். நீ லீவுக்கு மலாவி வந்துட்டு திரும்பிப் போற அன்னைக்கு முந்தின ராத்திரி. உன் பெட்டில முறுக்கு டப்பாவ துணிக்கு நடுவுல சொருகிட்டு இருக்கேன், ஆஸ்பத்திரி வார்டுல இருந்து ஆள் வந்துட்டான். கரண்ட் இல்ல, ஜெனரேட்டருக்கு டீசல் இல்ல. குறை மாசத்துல பிறந்த பிள்ளை, ஒண்ணே கால் கிலோ கூட இருக்காது, அம்மாக்காரி பிரசவத்துலயே ரத்தம் நிக்காம போயிட்டா. பாட்டிதான் பகல் முழுக்க நெஞ்சுல கட்டி வச்சிருந்தா, ராத்திரி அவளுக்கே குளிர் ஜுரம். டியூட்டில இருந்தது ஒரே ஒரு பொண்ணு, அந்தப் பக்கம் ரெண்டு பிரசவம் ஓடிட்டு இருக்கு. நான் போனேன். தலைல கம்பளிக் குல்லா, கால் ரெண்டும் தவளை மாதிரி மடங்கி, என் நெஞ்சு மேல தோலோட தோலா வச்சு, மலாவிப் பொண்ணுங்க இடுப்புல சுத்திக்கிற சித்தெஞ்சே துணியால இறுக்கிக் கட்டிக்கிட்டேன். மூக்குல டியூப். சிரிஞ்சுல பால் ஊத்தி கையை உசத்திப் பிடிச்சா தானா இறங்கும், அமுக்கக் கூடாது, அவசரப்படக் கூடாது, சொட்டுச் சொட்டா போகணும், அதுவரைக்கும் கை கடுத்துக்கிட்டே இருக்கும்.

நீ டார்ச் அடிச்சுக்கிட்டு வந்து வாசல்ல நின்ன. நைட்டி மேல அப்பாவோட ஸ்வெட்டர். ரொம்ப நேரம் பாத்துட்டு, "என்னை எத்தனை நாளும்மா இப்படி வச்சிருந்த?"ன்னு கேட்ட.

நான் என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கும். "சத்தம் போடாத, பிள்ளை முழிச்சிரும்"னேன்.

மறுநாள் ஏர்போர்ட்டுக்குப் போற வழியெல்லாம் நீ வாயே திறக்கல. அதுக்கப்புறமும் நீ எங்கிட்ட எதையும் அப்படிக் கேட்டதில்ல. மார்க், ஃபீஸ், செருப்பு சைஸ், அவ்வளவுதான்.

நீ நிறை மாசத்துப் பிள்ளை, மக்ளே. உனக்கு அது தேவைப்படல. இதைத்தான் அன்னைக்கு சொல்லிருக்கணுமோன்னு நெனைப்பேன், அப்புறம் இதுவும் பதில் இல்லையேன்னு தோணும். நீ நர்ஸ்கிட்ட கேக்கல, அம்மாகிட்ட கேட்ட. மன்னிச்சிரு. ஆனா அதே ராத்திரி திரும்ப வந்தாலும் நான் வார்டுக்குப் போவேன், இதையும் சேத்தே சொல்லிடுறேன், சொல்லலன்னா அந்த மன்னிப்பு பொய். அந்தப் பையன் பிழைச்சான். பாட்டி ஊருக்குத் தூக்கிட்டுப் போனா, அதோட சரி, இப்ப எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. சர்ச்ல சாட்சி சொல்றப்போ எல்லாரும் அவன் இப்ப என்ன ஆனான்னு கேப்பாங்க, பாஸ்டர் ஆகிட்டான்னு சொல்லணும்னு எதிர்பார்ப்பாங்க போல.

2021ல ஒரு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு, இந்தியா, மலாவி, கானா, நைஜீரியா, தான்சானியா அஞ்சு நாட்டு ஆஸ்பத்திரிகள்ல உலக சுகாதார நிறுவனம் நடத்துனது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் நடுவுல உள்ள பிள்ளைகள, பிறந்த உடனே, உடம்பு தேறட்டும்னு காத்திருக்காம நெஞ்சுல கட்டி வச்சா சாவு 25 சதவீதம் குறையுதாம். அதோட லிங்க்க உனக்கு அனுப்புனேன். ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல. எனக்குக் கோவம்தான் வந்துச்சு, இப்பவும் இருக்கு. உன்னை என்ன காட்டுலயா விட்டுட்டு வந்தோம்? மழை சீசன்ல உனக்கு மலேரியா வராத வருஷமே கிடையாது, பிளான்டயர்ல இருக்கற பெரிய ஸ்கூல் ஃபீஸ நம்ம சப்போர்ட் பணத்துல நெனச்சுக்கூட பாக்க முடியாது. நீ படிச்ச படிப்பும் அந்த ஊழியத்துப் பணம்தானே. இதைச் சொல்லிக் காட்டக் கூடாது. சொல்லிட்டேன், அழிக்கல.

விபிஎஸ்ல, அதான் லீவு பைபிள் ஸ்கூல்ல, மிஷனரி லிவிங்ஸ்டன் கதைய நானே எத்தனை தடவை ஃபிளானல் படம் ஒட்டிச் சொல்லிருக்கேன். 1859ல மலாவி ஏரிக்கு வந்தாரு, சிங்கம் கைய கடிச்சுது, எல்லாம் சொல்லுவோம். 1852ல பொண்டாட்டியையும் பிள்ளைகளையும் கேப் டவுன்ல கப்பல் ஏத்தி ஊருக்கு அனுப்புனாரே, அதுல மூத்த பையன் ராபர்ட் என்ன ஆனான்னு யாரும் சொல்றதில்ல. அமெரிக்காவுக்குப் போயி, வேற பேர் வச்சுக்கிட்டு உள்நாட்டுப் போர்ல சிப்பாயா சேந்து, 1864ல கைதி முகாம்ல செத்தான். பதினெட்டு வயசு. அப்பா பேருக்குத் தன்னால இன்னும் அவமானம் வரக் கூடாதுன்னு வேற பேர் வச்சுக்கிட்ட பிள்ளை. இதை நான் படிச்சது நீ கல்யாணம் ஆகிப் போன பிறகு. படிச்சிட்டு உனக்கு ஃபோன் பண்ணேன், நீ மீட்டிங்ல இருக்கேன்னு சொன்ன, நான் மழை பெய்யுதான்னு கேட்டுட்டு வச்சிட்டேன்.

ஃப்ரெடி புயல் வந்துச்சே 2023 மார்ச்ல, பிளான்டயர்ல மலை சரிஞ்சு வீடு வீடா மண்ணு மூடி, லைன் எல்லாம் போயி... சிக்னல் வந்ததும் பாத்தா உன் மிஸ்டு காலா குவிஞ்சு கிடக்கு. அப்பா அதை எண்ணிட்டே இருந்தாங்க. எனக்கு இங்க ஆறுதல் சொல்ல வார்டு நிறைய ஆள் இருந்துச்சு, மக்ளே, உனக்கு அன்னைக்கு ராத்திரி யார் இருந்தாங்கன்னு நான் கேக்கவே இல்ல.

எதுக்கு இப்போன்னா, அப்பாவுக்கு முட்டி முடியல, என் இடத்துக்கு ரெண்டு மலாவிப் பொண்ணுங்க வந்துட்டாங்க, என்னைவிட நல்லா செய்றாங்க. உன் பிள்ளைய வளர்த்துக் குடுக்க வர்றேன்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னா நீ சிரிப்ப. பாளையங்கோட்டைலதான் இருப்போம். கோயம்புத்தூருக்கு நீ கூப்பிட்டா வருவோம்.

நம்ம சர்ச்ல ஸ்தோத்திர ஆராதனை வைக்கறாங்களாம். நீ சின்னப் பிள்ளைல, ஊழியத்துக்குப் பணம் சேக்க சர்ச் சர்ச்சா டெபுடேஷன் போற இடமெல்லாம் உனக்கு சித்தெஞ்சேய கட்டி மேடைல ஏத்தி மலாவிப் பாஷை சிச்சேவால பாட்டு பாட விட்டோமே, முடிஞ்சதும் காணிக்கைப் பை வரும். அதெல்லாம் இனி கிடையாதுன்னு பாஸ்டர் ஐயர்கிட்ட கறாரா சொல்லிட்டேன். உன்னையும் கூப்பிடக் கூடாது, பிள்ளையையும் தூக்கிக் காட்டக் கூடாது. நீ வந்தா கடைசி பெஞ்சுல உக்காரு, வரலன்னாலும் பரவாயில்லன்னு எழுத வருது. பரவாயில்லாம எல்லாம் இல்ல. வா.

அம்மா