‘வரலாற்றில் இன்று’ பகுதியில் மலையகத்து நாட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையில் நாள்தோறும் வரும் ‘வரலாற்றில் இன்று’ பகுதியை மலையகத்துப் பாடசாலைகளில் பிள்ளைகள் காலைக் கூட்டத்தில் வாசிக்கிறார்கள். வெட்டி அறிவித்தல் பலகையில் ஒட்டுகிறார்கள். அங்கே ஒரு திகதி பிழைத்தால் அது கொப்பிக்குப் போய், பேச்சுப் போட்டிக்குப் போய், பிறகு யார் திருத்தினாலும் அசையாமல் நின்றுவிடும். அதனால்தான் இந்தப் பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

ஒக்டோபர் 30ஐ எடுத்துக்கொள்வோம். மலையகத் தமிழருக்கு ஆண்டிலேயே கனத்த நாள் அது. 1964இல் அன்று வெள்ளிக்கிழமை. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் புதுடில்லியில் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்றவர் என்று கணக்கிடப்பட்ட 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரின் கதி பிற்பாடு என்று எழுதினார்கள். அந்த மிச்சத்தை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாக, 75,000 வீதம், பிரித்துக்கொண்டன. 1964இலிருந்து 35 ஆண்டுகள் கழித்து அதே ஒக்டோபர் 30ஆம் திகதிதான் மலையகத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் காலமானார். 1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒருசில மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டதும் அதே திகதிதான். வடக்கின் மற்ற இடங்களில் அந்த வெளியேற்றம் அந்த மாதத்தின் வேறு நாட்களிலும் நடந்ததால், ‘யாழ்ப்பாணத்தில்’ என்ற சொல்லை விடாமல் போட வேண்டும். பல நாள் நீடித்த நிகழ்ச்சி எதற்கும் இடத்தைச் சேர்த்து எழுதினால்தான் திகதி நிற்கும்.

இதே நாளில் மீரியபெத்தை மண்சரிவையும் சேர்த்துவிடுகிறார்கள். அது பிழை. கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை (தொழிலாளரின் வரிசை வீடுகளை) மூடியது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில். அன்றைய பத்திரிகைகள் அதற்கு முன்பே அச்சாகி வெளியே போய்விட்டன. செய்தி மறுநாள் இதழில்தான் வந்தது. பழைய இதழின் தலைப்பிலுள்ள திகதியை நிகழ்ச்சியின் திகதியாக எடுப்பவர்கள் எல்லோரும் இங்கே ஒரு நாள் சறுக்குகிறார்கள். பத்திரிகையிலிருந்து குறிப்பு எடுக்கும்போது தலைப்புத் திகதியை மூடிவிட்டு, செய்திக்குள் ‘நேற்று’, ‘நேற்று முன்தினம்’, ‘புதன்கிழமை’ என்று என்ன சொல்லியிருக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். வார இதழாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

கிழமையை வைத்துச் சரிபார்க்க ஒரு தாளும் பென்சிலும் போதும். ஒரு திகதி அடுத்த ஆண்டு கிழமையில் ஒரு நாள் முன்னே நகரும். இடையில் பெப்ரவரி 29 வந்தால் இரண்டு நாள் நகரும். 1964 ஒக்டோபர் 30 வெள்ளி. 2014 வரை 50 ஆண்டுகள்; நடுவில் 1968 முதல் 2012 வரை 12 லீப் ஆண்டுகள். இரண்டையும் கூட்டினால் 62. அதை 7ஆல் வகுத்தால் மீதி 6. வெள்ளியிலிருந்து ஆறு நாள் எண்ணினால் வியாழன் வரும். மண்சரிவு நடந்தது புதன்கிழமை. ஆகவே 30 இல்லை, 29.

அடுத்த சறுக்கல் மாதப் பெயரில். இலங்கைத் தமிழர் நாம் ஜனவரியைத் தை என்றும் ஒக்டோபரை ஐப்பசி என்றும் எழுதிப் பழகியவர்கள். பஞ்சாங்கத்து ஐப்பசியோ ஒக்டோபர் நடுவில்தான் பிறக்கிறது. ஒரு பழைய குறிப்பில் ‘ஐப்பசி 30’ என்று இருந்தால் அது ஒக்டோபர் 30 ஆகவும் இருக்கலாம், நவம்பர் நடுப்பகுதியாகவும் இருக்கலாம். தோட்டத்துக் கோயில் கல்வெட்டு, திருமண அழைப்பிதழ், கருமாதிப் பத்திரிகை ஆகியவற்றில் பெரும்பாலும் பஞ்சாங்கக் கணக்குத்தான். பாடசாலை, தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரங்களில் பெரும்பாலும் ஆங்கில மாதந்தான். ஆண்டுப் பெயரும் சேர்ந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். பிரமாதி வருடம் 1939 சித்திரையில் பிறந்து 1940 பங்குனியில் முடிந்தது. 1940 ஜனவரி 10, பஞ்சாங்கப்படி பிரமாதி வருடம் மார்கழி 26 அல்லது 27. ‘பிரமாதி, மார்கழி’ என்று கண்டவுடன் 1939 டிசம்பர் என்று மாற்றினால் ஆண்டும் பிழை, மாதமும் பிழை. அதே பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதையும் மறக்கக்கூடாது: 1999இலும் பிரமாதிதான் பிறந்தது.

சட்டங்களுக்கு ஒரு திகதி போதாது. இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது 1948 ஓகஸ்ட் 4. நிறைவேறியது ஓகஸ்ட் 20. நடைமுறைக்கு வந்தது நவம்பர் 15. மூன்றையும் மலையகத் தமிழரின் ‘பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட நாள்’ என்று மூன்று இடங்களில் காணலாம். எங்கள் எண்ணத்தில் நவம்பர் 15தான் அந்தப் பெயருக்கு உரியது. அன்றுதான் சட்டம் மனிதர்மேல் விழுந்தது. சுதந்திரம் கிடைத்த பெப்ரவரி 4க்கு 285 நாட்கள் கழித்து. மற்ற இரண்டு நாட்களையும் போடலாம், ஆனால் ‘சமர்ப்பிக்கப்பட்டது’, ‘நிறைவேறியது’ என்று வினைச்சொல்லைச் சரியாகப் போட வேண்டும். விவாத நாளுக்குப் பாராளுமன்ற விவாதப் பதிவான ஹன்சாட், நடைமுறை நாளுக்குச் சட்டத்தின் அச்சுப்பிரதி அல்லது வர்த்தமானி என்று பார்த்தால் குழப்பம் வராது. ரயிலுக்கும் இதே கதைதான்: கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு முதல் வண்டி ஓடியது 1864 டிசம்பர் 27, பாதை முறைப்படி திறக்கப்பட்டது 1865 ஒக்டோபர் 2.

நள்ளிரவை ஒட்டி நடந்தவற்றுக்கு யாருடைய கடிகாரம் என்று முடிவுசெய்தாக வேண்டும். சந்திரனில் மனிதன் இறங்கிய நாளை ஜூலை 20 என்று உலகமெங்கும் எழுதுகிறார்கள். அது அமெரிக்க நேரம். இலங்கையில் அப்போது 1969 ஜூலை 21 அதிகாலை 1.47. ஆம்ஸ்ட்ரோங் கால் வைத்தபோது இங்கே காலை 8.26. சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமராகப் பதவியேற்றதும் ஜூலை 21தான், 1960இல். இலங்கைக் கடிகாரத்தை வைத்தால் இரண்டும் ஒரே நாளில் வரும், அமெரிக்கக் கடிகாரத்தை வைத்தால் பிரிந்துவிடும். எதை வைத்தாலும் ஆண்டு முழுவதும் ஒரே முறையில் வையுங்கள். ஏழுகன்னி மலையில் 1974இல் ஹஜ் பயணிகளோடு விமானம் மோதி 191 பேர் இறந்ததும் இரவில்தான், டிசம்பர் 4ஆம் திகதி இரவு 10 மணியளவில். அதை 5 என்று எழுதக்கூடாது.

ஐரோப்பியச் செய்திகளில் பழைய, புதிய நாட்காட்டிச் சிக்கலும் உண்டு. பிரித்தானியா 1752 செப்டெம்பர் 2ஐ அடுத்து 14 என்று போட்டு மாறியது. கண்டி பிரித்தானியர் கைக்குப் போனதும் தேயிலை வந்ததும் அதற்கு வெகு பின்னால் என்பதால் எங்கள் பக்கத்து நாட்களை இது தொடாது.

ஒரே நாளில் இரண்டு நிகழ்ச்சிகள் வந்தால் ‘விதியின் விளையாட்டு’ என்று தலைப்பிடும் வழக்கத்தை விட்டுவிடும்படி கேட்கிறோம். 23 பேர் இருக்கும் வகுப்பில் யாரோ இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். 50 பேர் இருந்தால் 97 வீதம். ஆயிரக்கணக்கான நிகழ்ச்சிகளை 366 கட்டங்களில் அடுக்கும்போது சேர்ந்து விழாமல் எப்படி இருக்கும்? ஒப்பந்தத்தையும் தொண்டமானின் மறைவையும் அடுத்தடுத்த வரியில் போட்டாலே வாசகருக்கு மனதில் படும்.

1823இல் தென்னிந்தியாவிலிருந்து முதல் தோட்டத் தொழிலாளர் கம்பளைப் பக்கம் வந்ததற்கு ஆண்டுதான் உண்டு. அதற்கு ஒரு நாளைப் பொருத்தி இப்பகுதியில் போட வேண்டாம்.

வரும் ஜனவரி 10க்கு இரண்டு வரிகள் தருகிறோம். இடத்தைப் பொறுத்துச் சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் ஆண்டு, கிழமை, இடம், வினைச்சொல் நான்கும் இருக்கட்டும்.

1940, புதன்: ஹேவாஹெட்டைப் பகுதி முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளி கோவிந்தன் பொலிசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1974, வியாழன்: யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் பொலிசார் கூட்டத்துள் புகுந்ததில் பலர் உயிரிழந்தனர்.

மே 11க்கு 1977, புதன், தலவாக்கலை டெவன் தோட்டம், சிவனு லெட்சுமணன் பொலிசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று இப்போதே குறித்துவைக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்கள் சிலர்,
அட்டன்.