விடயம்: எனது ஒன்லைன் கேம் கணக்கை முடக்கியது தொடர்பான முறைப்பாடு

கல்முனை,
அம்பாறை மாவட்டம்.

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளருக்கு,

"விளையாடுபவர்களே முதலில், எல்லோருக்கும் ஒரே நீதி" என்று உங்கள் கொள்கைப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதை நம்பிக் காசு கட்டிய ஒருவன் எழுதுகிறேன்.

சென்ற மாதம் என் கணக்கை நிரந்தரமாக முடக்கினீர்கள். நான் ஹேக் (ஏமாற்று மென்பொருள்) போட்டு விளையாடினேனாம். கட்டாரில் வேலை செய்யும் அண்ணனோடு வெள்ளி இரவுகளில் சேர்ந்து விளையாடுவதற்கென்றே வைத்திருந்த கணக்கு அது. ஆதாரம் கேட்டு எழுதினேன். போனைக் கீழே வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது: "அன்புள்ள வீரரே, உங்கள் ஆதங்கம் எங்களுக்குப் புரிகிறது." புரிந்துகொண்டவர் யாரென்று தெரியவில்லை, கீழே பெயர் இல்லை. விடாமல் கேட்ட பிறகு ஒரு வரி கிடைத்தது. ஏற்கனவே தடைசெய்யப்பட்ட வேறொரு கணக்கும் என்னுடைய ஐபி முகவரியிலிருந்துதான், அதாவது என் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணிலிருந்துதான், இயங்கியதாம்.

இயங்கியிருக்கும். நாங்கள் பாவிப்பது 4ஜி ரவுட்டர். ஐபிவி4 என்ற பழைய வகை ஐபி முகவரிகள் உலகம் முழுவதற்குமே ஏறத்தாழ 429 கோடிதான். அது போதாததால் மொபைல் நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுக்கின்றன. கல்முனையில் இருக்கும் நானும் அக்கரைப்பற்றில் முன்பின் தெரியாத யாரோ ஒரு பொடியனும் உங்கள் சேர்வருக்கு ஒரே வீட்டு ஆட்களாகத் தெரியலாம். ஒன்லைன் கேம் நடத்தும் கொம்பனிக்கு இது தெரியாதா? வீட்டுக்கு வீடு தனி முகவரி கிடைக்கும் இடங்களை மனதில் வைத்து விதி எழுதிவிட்டு, அதை எங்கள் தலையிலும் கட்டுகிறீர்கள்.

இன்னொன்று. 'விளையாடு' பொத்தான் சாம்பல் நிறமாகிவிட்டது, அமத்தினால் ஒன்றும் நடக்காது. நாணயம் வாங்கும் பொத்தான் மட்டும் இப்போதும் நன்றாக வேலை செய்கிறது. ஸ்கிரீன்ஷொட் இணைத்திருக்கிறேன்.

வங்கி மூலம் காசைத் திருப்பிக் கேட்கச் சொன்னார் மச்சான். உங்கள் விதிமுறைகளைப் பார்த்தால், அப்படிக் கேட்பவரின் கணக்குகள் எல்லாமே மூடப்படுமாம். ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் கேம்ஸ் 24.5 கோடி டொலர் கட்ட 2022 டிசம்பரில் உடன்பட்டதே, அதில் அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு முன்வைத்த குற்றச்சாட்டுகளில் இதே பழக்கமும் ஒன்று. மனம் வைத்தால் திருத்தவும் முடியும். ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேமைக் கணினியில் விளையாடவும் பிஎஸ்என் (சோனியின் பிளேஸ்டேஷன் இணையச் சேவை) கணக்கு கட்டாயம் என்று 2024 மே மாதம் அறிவித்த சோனி, அந்தச் சேவையே இல்லாத நாடுகளில் இருந்தவர்களும் சேர்ந்து கொதித்ததும், சில நாட்களிலேயே பின்வாங்கியது. அவ்வளவு சத்தம் போட என்னிடம் ஆள் இல்லை, அதனால்தான் கடிதம்.

என் ஆட்டப் பதிவுகளை மெஷின் அல்ல, ஒரு மனிதர் பார்க்க வேண்டும். ஹேக் பாவித்த தடயம் இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் கணக்கைத் திறந்துவிடுங்கள். இரண்டும் முடியாது என்றால் நான் கட்டிய காசைத் திருப்பித் தாருங்கள், பற்றுச்சீட்டுகள் இத்துடன் உள்ளன. 14 நாட்களுக்குள், முடிவெடுத்தவரின் பெயரோடு பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கணக்கின் உரிமையாளர்