ஓநாய் கிடக்கட்டும், கயிற்றைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

மங்கோலியப் பயணத்துக்கு நீ போட்ட சாமான் பட்டியலைப் பார்த்தேன். ஓநாயை விரட்டப் பட்டாசு, சாட்டிலைட் போன், விதவிதமாக மாத்திரைகள். எல்லாம் உனக்கு! இருபது நாள் உன்னைச் சுமக்கப்போகும் குதிரைக்கு ஒரு வரிகூட இல்லையே?

முதலில் ஒரு கணக்கு. மங்கோலியக் குதிரை மட்டக்குதிரை உயரம்தான் இருக்கும். எடை ஏறக்குறைய 250 முதல் 300 கிலோ. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்றாதே என்பார்கள். அதாவது 50 முதல் 60 கிலோ. நீயே 74, சேணம் வேறு. அந்த ஊர்க்காரர்கள் அதற்கு மேலும் ஏற்றுவார்கள், உண்மைதான். ஆனால் அவர்களிடம் மந்தை இருக்கிறது. இன்று ஓடிய குதிரையை நாளை மேய விட்டுவிடலாம். 2009-இல் தொடங்கிய மங்கோல் டெர்பி குதிரைப் பந்தயத்தில் 1000 கிலோமீட்டர் போகிறார்களே என்று கேட்பாய். அங்கே சுமார் 40 கிலோமீட்டருக்கு ஒருமுறை குதிரை மாற்றுகிறார்கள், செங்கிஸ் கான் காலத்து அஞ்சல் குதிரைகளைப் போல. உன்னிடம் இரண்டே குதிரை. ஆகவே தினமும் கொஞ்ச தூரம் இறங்கி நட.

அப்புறம் முதுகு. நான் கோட்டைவிட்டது இதில்தான். மூன்றாம் நாள் சேணம் வைக்கும்போது என் குதிரை காதைப் பின்னால் மடக்கியது. சோம்பல் என்று நினைத்தேன். சேணத்துக்கு அடியில் போட்ட கம்பளியில் ஒரு முள் சிக்கியிருந்திருக்கிறது. ஐந்தாம் நாள் உள்ளங்கை அகலத்துக்குப் புண். மிச்ச வழி முழுக்கக் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். காலையும் மாலையும் வெறுங்கையால் முதுகைத் தடவு. சூடோ வீக்கமோ தட்டுப்பட்டால் அன்று ஏறாதே.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, தெரியுமா? வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து. தீனி தின்னாமல் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், படுத்துப் புரண்டால், உடனே வழிகாட்டியைக் கூப்பிடு.

இடப்பக்கமாகவே நெருங்கு, ஏறு. மேலே உட்கார்ந்தபடி மழைக்கோட்டை மாட்டாதே. அது படபடவென்று அடித்தால் போதும், மிரண்டுவிடும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே, குதிரை இழுத்தால் விரல் போகும். குதிகால் உள்ள பூட்ஸ் போடு, இல்லாவிட்டால் பாதம், சேணத்தில் கால் வைக்கும் அங்கவடிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும். மர்மட் என்ற பெரிய அணில் மாதிரிப் பிராணியின் வளைகள் தெரிந்தால் வேகத்தைக் குறை. மர்மட்டைத் தொடாதே, அங்கே பிளேக் இன்னும் இருக்கிறது.

கூடாரங்களை நெருங்கும்போது தூரத்திலேயே "நொஹோய் ஹோர்!" என்று கத்து. நாயைப் பிடியுங்கள் என்று அர்த்தம். யாராவது வெளியே வரும்வரை குதிரையைவிட்டு இறங்காதே.

இரவில் மூன்று காலுக்குத் தளை போடுவார்கள். அந்த முடிச்சை முதல் நாளே கற்றுக்கொள். குதிரை தொலைந்தால் தேடுவதற்கு அங்கே வேலி கிடையாது, மரமும் அபூர்வம், எல்லாத் திசையும் ஒரே மாதிரி இருக்கும்.

பட்டாசை எடுத்து வெளியே வை. விமானத்தில் விடமாட்டார்கள். விட்டாலும் முதல் வெடிக்கு ஓடப்போவது ஓநாய் இல்லை, உன் குதிரைதான். அந்த இடத்தில் இன்னொரு கம்பளியை மடித்து வை.

அன்புடன்,
அக்கா