டிஸ்சார்ஜ் சீட்டில் கண்ணுக்கும் ஒரு தேதி வேண்டும்

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளின் பொறுப்பிலுள்ள மருத்துவர்களுக்கு,

வணக்கம். 30ஆம் வாரத்தில், 1,300 கிராம் எடையோடு பிறந்த பெண்குழந்தையின் தந்தை எழுதும் மடல் இது. 24ஆம் நாள் வீடு திரும்பும்போது எங்களுக்குத் தரப்பட்ட டிஸ்சார்ஜ் சீட்டில் எடை பார்க்கும் நாளும் தடுப்பூசி நாளும் இருந்தன. கண்ணைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வாசல்வரை வந்த செவிலியர், "பிறந்து முப்பது நாளுக்குள்ள கண்ணைக் காட்டிடுங்க" என்று சொன்னதால்தான் போனோம். மூன்றாம் முறை பார்த்தபோது, குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய்க்காக (ஆர்.ஓ.பி.) லேசர் சிகிச்சை தேவைப்பட்டது. இன்று அவள் எங்கள் முகம் பார்த்துச் சிரிக்கிறாள்.

விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கர்ப்பத்தின் ஏறத்தாழ 40ஆம் வாரத்தில்தான் அதன் ஓரத்தை எட்டுகின்றன. முன்பே பிறந்த குழந்தைக்கு அந்த வளர்ச்சி தடைபட்டு, பிறகு முறையற்ற குழாய்கள் முளைத்து, முற்றினால் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். வெளித்தோற்றத்தில் தெளிவாக இருக்கும் கண்ணுக்குள் இது நடப்பது பெற்றோருக்குத் தெரிய வழியில்லை. 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைந்த எடையிலோ பிறந்தவர்களுக்கு 30 நாளுக்குள்ளும், 28 வாரத்துக்கு முன்போ 1,200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்தவர்களுக்கு இரண்டு, மூன்று வாரத்துக்குள்ளும் முதல் பரிசோதனை வேண்டுமென நம் நாட்டு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. சிகிச்சை தேவையென்று தெரிந்தபின் கையிலிருப்பது இரண்டு, மூன்று நாள்தான்.

விழித்திரை மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை என்பது மெய்யே. ஆனால் கர்நாடகத்தில் 2008இல் தொடங்கிய 'கிட்ராப்' திட்டத்தில், பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் அகன்ற கோணக் கேமராவை மாவட்ட மருத்துவமனைகளுக்கே கொண்டுபோய்ப் படமெடுக்க, மருத்துவர் தொலைவிலிருந்தே பார்த்து முடிவு சொல்கிறார். சென்ற வாரப் படத்தை இந்த வாரப் படத்தோடு ஒப்பிடவும் முடிகிறது. விழித்திரையின் கடைக்கோடி படத்தில் தப்பக்கூடும் என்பதால், ஐயமுள்ள குழந்தையை மருத்துவர் நேரில் பார்த்தே ஆக வேண்டும். கேமரா அந்த வேலைக்கு மாற்று அல்ல. இருந்தாலும், பிரசவித்த உடம்போடு ஒரு தாய் ஒன்றரைக் கிலோக் குழந்தையைப் பேருந்தில் தூக்கிச் செல்வதைவிடக் கேமரா பயணம் செய்வது எளிது.

அத்தகைய ஏற்பாடு உங்கள் பிரிவுக்கு வரும்வரை, முதல் பரிசோதனைக்குரிய தேதியையும் போக வேண்டிய இடத்தையும் டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதுங்கள். அந்தத் தேதியில் வராத குழந்தையின் வீட்டுக்கு மறுநாளே தொலைபேசியில் அழைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

இப்படிக்கு,
குறைமாதக் குழந்தை ஒன்றின் தந்தை