கண்டா சந்தில் ஒரு இசகாயா: சித்தப்பாவுக்குக் கடிதம்

நிஷி காசாய், தோக்கியோ
ஐப்பசி மாதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். தாங்களும் சித்தியும் தம்பி தங்கைகளும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். வேலை முடிந்தபின் அலுவலகத்தாருடன் மதுக்கடைக்குப் போவதாக நான் எழுதியதைப் படித்துவிட்டு அம்மா மனம் கலங்கிப் போயிருப்பதாகத் தங்கள் கடிதத்தில் அறிந்தேன். நான் குடிப்பதில்லை, குடிக்கும்படி இங்கு யாரும் என்னை வற்புறுத்தியதும் இல்லை. அம்மாவிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள். ஆனால் இசகாயா என்று இவர்கள் சொல்லும் அந்தக் கடையைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. விருதுநகரில் இத்தனை காலமாக இரவுப் பரோட்டாக் கடை நடத்திவரும் தங்களைப் போன்ற ஒருவர்தான் அதன் அருமையைச் சரியாக எடைபோட முடியும் என்பதால், விரிவாகவே எழுதுகிறேன்.

என் அலுவலகம் கண்டா என்ற பகுதியில் இருக்கிறது. அங்கே ரயில் பாதை தெருவுக்கு மேலே உயரத்தில் ஓடுகிறது. அதன் அடியிலும், அதையொட்டிய சந்துகளிலும், எட்டுப் பேரோ பன்னிரண்டு பேரோ மட்டுமே உட்காரக்கூடிய சிறு கடைகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. வாசலில் சிவப்புக் காகித விளக்கு ஒன்று தொங்கும். கடை திறந்ததும் துணித் திரை ஒன்றை வாசலின் மேல் மாட்டுவார்கள். அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது என்று பொருள். பெரும்பாலான கடைகள் மாலை ஐந்து மணிக்குத்தான் திறக்கின்றன என்றாலும், மீன் அறுப்பதும் கோழியைத் துண்டு போட்டு மூங்கில் குச்சிகளில் கோப்பதும் நண்பகலிலேயே தொடங்கிவிடுகின்றன.

இந்தக் கடைகளின் பிறப்பும் கண்டாவுக்கு அருகிலேயே நடந்ததாகச் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. தோக்கியோ அப்போது எடோ என்ற பெயரில் வளரத் தொடங்கியிருந்த ஊர். கோட்டை கட்ட வந்த கொல்லர்களும் தச்சர்களும், பிரபுக்களுடன் வந்து தங்கிய சாமுராய்களுமாக, குடும்பம் இல்லாமல் தனியே வாழ்ந்த ஆண்களே அங்கு மிகுதி. மதுவை அளந்து விற்கும் கடைகளில் சிலர் அங்கேயே நின்று குடிக்கத் தொடங்கினார்கள். கடைக்காரர்கள் தொட்டுக்கொள்ள ஏதாவது கொடுக்கத் தொடங்கினார்கள். 1596-ல் கமகுரா துறை என்ற படகுத்துறையில் தொடங்கப்பட்ட தோஷிமாயா என்ற கடை, மிசோ என்ற புளித்த சோயா விழுதைத் தடவிச் சுட்ட டோஃபுவை, அதாவது சோயாப் பால்கட்டியை, மதுவோடு விற்றுப் பெயர் பெற்றது. அந்தக் கடைக்காரர் மதுவை ஏறக்குறைய அடக்க விலைக்கே விற்றுவிட்டு, காலிப் பீப்பாய்களை விற்று லாபம் பார்த்தார் என்று சொல்வார்கள். தாங்கள் எண்ணெய் டின்களைச் சேர்த்து விற்பது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அந்த நிறுவனம் இன்றும் நடந்துவருகிறது. கண்டாவிலேயே 1905-ல் தொடங்கப்பட்ட மிமாசுயா என்ற இசகாயாவில் இன்றும் மாலையில் இடம் கிடைப்பது அரிது.

நான் வழக்கமாகப் போகும் கடையை எழுபது வயதைக் கடந்த ஒருவரும் அவர் மனைவியும் மட்டுமே நடத்துகிறார்கள். உள்ளே நுழைந்ததும் இருவரும் ஒரே குரலில் உரக்க வரவேற்பார்கள். உட்கார்ந்ததும் சுருட்டிய ஈரத்துண்டு ஒன்று கைக்கு வரும். குளிர்காலத்தில் ஆவி பறக்கச் சூடாகவும் கோடையில் குளிர்ச்சியாகவும் தருவார்கள். அடுத்து, நாம் கேட்காமலே ஒரு சிறு கிண்ணத்தில் ஏதாவது வந்துவிடும்: எள் போட்டுப் புரட்டிய கீரை, சோயா சாற்றில் வெந்த முள்ளங்கி, கணவாய்த் துண்டுகள் என்று நாளுக்கு நாள் மாறும். பொதுவாக இதற்கு 300 முதல் 500 யென் வரை கணக்கில் சேர்ப்பார்கள். கேட்காத பண்டத்துக்குக் காசா என்று புதிதாக வரும் வெளிநாட்டார் பலர் சினம் கொள்கிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. பத்துப் பேர் உட்காரும் கடையில் ஒருவர் ஒரு கோப்பைத் தேநீரோடு இரண்டு மணி நேரம் இருந்தாலும் யாரும் அவரை எழச் சொல்வதில்லை; அந்த இடத்துக்கான வாடகையைப் பணமாக மட்டும் வாங்காமல் ஒரு கிண்ணம் உணவையும் கொடுத்து வாங்குவது பண்பான வழி அல்லவா?

அடுப்பைப் பற்றித் தங்களுக்கு எழுதாமல் இருக்க முடியாது. அது நீண்டு ஒடுங்கிய ஒரு தொட்டி. குச்சியில் கோத்த இறைச்சி மட்டும் தணலுக்கு மேல் நிற்க, குச்சியின் இரு முனைகளும் விளிம்புக்கு வெளியே இருக்கும்படி அகலத்தைக் கணக்கிட்டுச் செய்திருக்கிறார்கள். நல்ல கடைகள் பின்சோ என்ற கரியை வாங்குகின்றன. வகயாமா மாநிலத்தின் ஒரு வகை ஓக் மரத்திலிருந்து செய்யப்படும் அந்தக் கரி, ஒன்றோடொன்று தட்டினால் உலோகம் போல் ஒலிக்கும். புகை அதிகம் விடாது, தானாகச் சுவாலை எழாது, நெடுநேரம் ஒரே சூட்டில் நிற்கும். பெரியவர் இடக்கையில் விசிறியும் வலக்கையில் குச்சிகளுமாக நின்று, கொழுப்பு சொட்டித் தீ எழும் இடத்திலிருந்து குச்சியை ஒரு விரற்கடை நகர்த்துவார். பிறகு மீண்டும் அதே இடத்துக்குக் கொண்டுவருவார். தொடைக்கறி, தோல், ஈரல், இதயம், இரைப்பை, மார்பின் குருத்தெலும்பு என்று கோழியின் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனிக் குச்சி. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நேரம். உப்பா, சாறா என்று மட்டும் நம்மிடம் கேட்பார். உப்பு என்றால் ஒரு முழம் உயரத்திலிருந்து தூவுவார், எல்லாப் பக்கமும் சமமாக விழுவதற்காக. சாறு என்றால் சோயாவும் சர்க்கரையும் மிரின் என்ற இனிப்பான சமையல் அரிசி மதுவும் கலந்து காய்ச்சிய குழம்பு இருக்கும் ஜாடியில் குச்சியை முக்கி எடுத்து மறுபடி தணலில் வைப்பார். அந்த ஜாடியை அவர் ஒருபோதும் முழுவதுமாகக் காலி செய்வதில்லை. குறையக் குறையப் புதிதாகக் காய்ச்சி ஊற்றுகிறார். அதன் வெளிப்புறம் வழிந்து வழிந்து உறைந்து கறுத்துக் கிடக்கிறது.

மது ஊற்றும் விதத்திலும் ஓர் அழகு உண்டு. சதுரமான சிறு மரப்பெட்டிக்குள் ஒரு கண்ணாடிக் கோப்பையை வைத்து, அரிசி மதுவைக் கோப்பை நிறைந்து பெட்டிக்குள் வழியும் வரை ஊற்றுவார்கள். காய்கறிக்காரம்மா நிறுத்துப் போட்ட பிறகு ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாக வைப்பாரே, அதே கைதான் இது. வாங்கியவர் கோப்பையை உடனே தூக்காமல், குனிந்து வாயை விளிம்பில் வைத்து ஒரு மடக்கு உறிஞ்சுவார்; கடைசியில் பெட்டியில் தேங்கியதையும் குடித்துவிடுவார். என் பங்குக்கு ஊலாங் தேநீர் வரும். எல்லோருடைய கோப்பையும் வரும் வரை யாரும் வாய் வைக்காமல் காத்திருந்து, ஒன்றாகக் கோப்பைகளை உயர்த்தி ‘கம்பாய்’ என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். என் கோப்பையில் இருப்பது தேநீர் என்பதை இதுவரை யாரும் பொருட்படுத்தியதே இல்லை. தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்ளாமல் பக்கத்திலிருப்பவருக்கு ஊற்றுவதும், தம் கோப்பையை அவர் நிரப்பக் காத்திருப்பதும் இங்குள்ள வழக்கம். சாப்பிடப் பயன்படுத்தும் இரட்டைக் குச்சிகளால் உணவை எடுத்து இன்னொருவரின் இரட்டைக் குச்சிக்கு நேரடியாகக் கொடுக்கக் கூடாது. தகனம் முடிந்து எலும்புகளை அப்படித்தான் எடுத்துக் கொடுப்பார்கள் என்பதால் அதை அபசகுனமாக நினைக்கிறார்கள்.

பகலில் எங்கள் பிரிவுத் தலைவர் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசமாட்டார். அதே மனிதர் இங்கே வந்து கழுத்துப்பட்டையைத் தளர்த்தி, வறுத்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடும் நடுவில் வைத்து எல்லோருக்கும் பகிர்ந்து போட்டுவிட்டு, வடக்கே அகிதாவில் தம் தாயார் தனியாக இருப்பதையும், பனிக்காலத்தில் கூரையில் சேரும் பனியை யார் தள்ளுவார்கள் என்ற கவலையையும் என்னிடம் சொன்னார். நானும் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். மறுநாள் காலையில் அலுவலகத்தில் அந்தப் பேச்சின் சாயலே அவர் முகத்தில் இல்லை. ஆனால் என் வேலையில் ஏதாவது ஐயம் வந்தால் அவரிடம் போய்க் கேட்கும் துணிவு அன்று முதல் எனக்கு வந்துவிட்டது. இந்த ஊரில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் மனம் திறக்கும் இடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சைவ உணவு மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கடைகள் மிகவும் கடினம். புரட்டாசி மாதத்தில் நான் அதை நன்றாக உணர்ந்தேன். கத்தரிக்காய்ப் பொரியல் என்று வாங்கினாலும் மேலே மெல்லிய மரச்சீவல் போல ஒன்று நெளியும். அது சூரை மீனைக் காயவைத்துச் சீவியது. தூத்துக்குடிப் பக்கத்தில் மாசி என்று விற்பதும் அதே மீனில் செய்வதுதான். அதைத் தூவாமல் கொடுக்கச் சொன்னாலும், பெரும்பாலான குழம்புகளின் அடிநீரே அதை வேகவைத்து எடுத்தது. உப்புப் போட்டு அவித்த பச்சைச் சோயா, வெறும் டோஃபு, சுட்ட பச்சை மிளகாய், உப்பு மட்டும் வைத்துப் பிடித்த சோற்றுருண்டை என்று நான் சமாளித்தேன். அந்த மாதம் முழுவதும் கடைக்காரரின் மனைவியான அந்த அம்மையார், நான் சொல்லாமலே, என் கிண்ணத்தில் மீன் சேராத பண்டமாகப் பார்த்து வைத்தார். கடவுளுக்காக விடுகிறேன் என்று ஒரு முறை சொன்னதை அவர் மறக்கவில்லை.

இவர்களுடைய குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. வெள்ளிக்கிழமை இரவுகளில் நிலையத்துப் படிகளில் கோட்டும் சூட்டுமாக விழுந்து கிடப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. குறிப்பிட்ட தொகை கொடுத்தால் இரண்டு மணி நேரம் வரை எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்ற ஏற்பாடு பெரிய கடைகளில் இருக்கிறது. அது நல்லதல்ல என்பது என் எண்ணம். 2020 ஏப்ரல் முதல் உணவகங்களுக்குள் புகைப்பதற்குச் சட்டம் தடை விதித்திருந்தாலும், தோக்கியோவில் வேலைக்கு ஆள் வைக்காத பழைய சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு. அதனால் நான் போகும் கடையிலும் சில நாட்களில் புகை சூழ்ந்துவிடுகிறது.

பெரிய கடைகளில் மேசைமேல் இருக்கும் தொடுதிரையில் நாமே தட்டிச் சொல்ல வேண்டும். அங்கே பரிமாறுபவர்களில் நேபாளத்திலிருந்தும் வியட்நாமிலிருந்தும் படிக்க வந்த பிள்ளைகள் பலர். இப்படி வந்த வெளிநாட்டு மாணவர்கள், நீண்ட விடுமுறைக் காலம் தவிர, வாரத்துக்கு 28 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது இங்குள்ள விதி. அதற்குள் வாடகையையும் சாப்பாட்டையும் அவர்கள் தேடிக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் கையில் தனியாகப் பணம் திணிப்பது இங்கே வழக்கமே இல்லை. மொத்தக் கணக்கு ஒருவருக்கு 3,000, 4,000 யென் அளவில் வரும். வந்தவர்கள் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள்.

பெருந்தொற்றுக் காலத்தில் இந்தச் சிறு கடைகள் பட்ட பாட்டை அந்த அம்மையார்தான் சொன்னார். முதலில் இரவு எட்டு மணிக்கு மூடச் சொன்னார்கள். 2021 ஏப்ரலில் அவசரநிலை மீண்டும் வந்தபோது, மது விற்கும் கடைகள் அதை நிறுத்தும்படியோ கடையையே மூடும்படியோ கேட்டுக்கொள்ளப்பட்டன. அரசு உதவித்தொகை கொடுத்தது என்றாலும், அடுப்பு மூட்டாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் கணவர் பேச்சையே குறைத்துவிட்டார் என்றார். இரண்டு பிள்ளைகளும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கடையை ஏற்க ஆள் இல்லை. இது அந்த ஒரு கடையின் கதை மட்டும் அல்ல. அடுத்த சந்தில் இருந்த கடை சென்ற ஆண்டு மூடப்பட்டு, அங்கே கட்டடம் இடிக்கும் வேலை நடக்கிறது. எனக்கு அது சொந்த ஊரில் ஒரு கடை போனது போலவே வலிக்கிறது. ஆகவேதான் நான் நண்பர்களை அழைத்துக்கொண்டு பெரிய கடைகளுக்குப் போகாமல் இந்தக் கடைக்கே போகிறேன்.

கடையைத் தம்பி ஏற்று நடத்தப் போவதாகத் தாங்கள் எழுதியிருந்ததைப் பெரியவரிடம் சொன்னேன். எத்தனை மணிக்கு மாவு பிசைகிறார்கள், அடுப்புக்கு விறகா எரிவாயுவா, சால்னாவில் முதல் நாள் மீதியைச் சேர்ப்பதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தாங்கள் எழுதுங்கள், மொழிபெயர்த்துச் சொல்கிறேன். தங்கள் கல்லில் பரோட்டா வேகும் படம் ஒன்றையும் தம்பியை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தாங்களும் சித்தியும் அடுத்த ஆண்டு வைகாசித் தொடக்கத்தில் வந்தால் மழைக்காலத்துக்கு முன்பாக இருக்கும்; சூரை மீனும் அப்போது புதிதாக வரும். அழைப்புக் கடிதமும் உத்தரவாதக் கடிதமும் நான் இங்கிருந்து அனுப்ப வேண்டும். அவற்றில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் எழுத வேண்டியிருப்பதால், இருவருடைய பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் படமெடுத்துத் தம்பி மூலம் அனுப்பிவையுங்கள். சித்தியின் பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியை மட்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்,
பெரியவன்