டிக்ரி வந்தாச்சு, வசூல்தான் பாக்கி

அன்புள்ள கண்ணு,

டிக்ரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, அதன் நகல் கைக்கு வந்துவிட்டது. அந்தக் கொலுசு வியாபாரி அசலோடு வட்டியும் செலவும் தரவேண்டும் என்று தீர்ப்பு. பெங்களூரில்தானே இருக்கிறான், கடைக்கே போய்க் கேட்கிறேன் என்று நீ போனில் சொன்னாய். வேண்டாம். இனி கோர்ட் கேட்கட்டும்.

டிக்ரி கொடுத்த சேலம் கோர்ட் தன் எல்லைக்கு வெளியே இருக்கிற ஆளையோ சொத்தையோ தொட முடியாதாம். சிவில் நடைமுறைச் சட்டத்தில் 2002-ல் செய்த திருத்தத்தில் அதை எழுதியே விட்டார்கள். அதனால் டிக்ரியை பெங்களூர் கோர்ட்டுக்கு அனுப்பச் (டிரான்ஸ்மிட் செய்யச்) சொல்லி இங்கே மனுப் போடுகிறோம். நகலோடு, பணம் வசூலாகவில்லை என்ற சான்றும் போகும். அப்புறம் அங்கே, டிக்ரிப்படி பணத்தை வசூலித்துத் தரச் சொல்லும் நிறைவேற்று மனு. உன் சித்தப்பா, கர்நாடகாவில் முதலிலிருந்து கேஸ் போடணும் என்று பயமுறுத்துகிறார். அப்படியெல்லாம் இல்லை. அந்தக் கோர்ட் தன் டிக்ரியைப் போலவே இதையும் நிறைவேற்றும். தீர்ப்பு சரியா தப்பா என்று கிளற முடியாது.

உன்னிடம் வேண்டியது வேறு. ஜப்திக்குச் சொத்து இன்னது என்று நாம்தான் காட்டவேண்டும். கடை சொந்தமா வாடகையா, வீடு யார் பேரில் என்று விசாரி. வீட்டு விவரம் கிடைத்தால் வில்லங்கம் போட்டுப் பார். வங்கிக் கிளை, திரும்பி வந்த செக்கிலேயே இருக்கிறது. டிக்ரி போய்ச் சேருவதற்குள் அவன் எதையாவது விற்றுவிடுவான் போலிருந்தால், முன்கூட்டியே ஜப்தி செய்துவைக்கும்படி அங்குள்ள கோர்ட்டுக்கு இங்கிருந்தே எழுதவைக்கலாம். அந்த ஜப்தி சாதாரணமாக இரண்டு மாதம் வரை செல்லுபடியாகும். அதற்கும் சொத்து விவரம் வேண்டுமே!

பிடித்து உள்ளே போடலாமே என்று உன் தம்பி குதிக்கிறான். பணம் இருந்தும் ஏய்க்கிறான் என்பது போலக் காட்டினால்தான் அது நடக்கும். எனக்கு இஷ்டமும் இல்லை. உள்ளே இருப்பவன் எங்கே சம்பாதித்துக் கொடுப்பான்? சமையல் பாத்திரம், படுக்கை, பெண்டாட்டியின் தாலி, கைத்தொழில்காரனின் கருவி இவற்றில் கைவைக்கக் கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறதாம். செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்திருக்கிற எனக்கு அந்தக் கருவி விஷயம் ரொம்பப் பிடித்தது.

டிக்ரிக்கு 12 வருஷம் உயிர் உண்டு. நிறைவேற்று மனுவை ஆறு மாதத்தில் முடிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லியிருக்கிறது. நடக்கிறபோது பார்ப்போம்.

சனிக்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன். அதற்குள் கடை விவரமாவது அனுப்பு. அங்கே தெரிந்த சிவில் வக்கீல் யாராவது இருந்தால் அவர் நம்பரும்.

அப்பா