டர்பன் வீட்டை விற்பதற்கு முன்

அன்புள்ள மகனுக்கு,

நீயும் மருமகளும் பிள்ளைகளும் பெர்த்தில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ரெசர்வயர் ஹில்ஸ் வீட்டை விற்பதென்று முடிவு செய்துவிட்டதாகவும், ஏஜென்ட்டை அழைத்து உடனே வாசலில் போர்டு வைக்கச் சொல்லும்படியும் எழுதியிருந்தாய். விற்பதில் எனக்கு மறுப்பு இல்லை. வீடு வாழ்கிறவர்களுக்கானது, நீங்கள் திரும்பி வரப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் போர்டை இப்போது வைக்க வேண்டாம். முதலில் காகிதங்கள் சேரட்டும், பிறகு ஆட்கள் வந்து பார்க்கட்டும்.

சொத்து மாற்றும் வழக்கறிஞர் அலுவலகத்தில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும் கண்டதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். விலை படியாமல் முறிந்த விற்பனைகளைவிட, விலை படிந்து இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு ஏதோ ஒரு தாள் இல்லாததால் வாரக்கணக்கில் இழுபட்டு, வாங்குபவர் சலித்துப்போய் விலகியோ விலையைக் குறைக்கச் சொல்லியோ கெட்டுப்போன விற்பனைகளே அதிகம். அந்த நேரத்தில் விற்பவர் கையில் பேரம் பேசும் வலு இருப்பதில்லை. வெளிநாட்டில் இருக்கும் உனக்கு அது இன்னும் குறைவாகவே இருக்கும்.

எல்லாவற்றிலும் பெரியது பின்கட்டு விஷயம். அவுட்பில்டிங்கில் நீ சேர்த்துக் கட்டிய இரண்டு அறைகளுக்கும் குளியலறைக்கும் டர்பனின் எதெக்வினி மாநகராட்சி அங்கீகரித்த வரைபடம் இருக்கிறதா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. மாநகராட்சிக் கோப்பில் உள்ள வரைபடத்தின் நகலை வாங்கி, கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அங்கீகாரம் இல்லையென்றால், இப்போது உள்ளபடி வரைபடம் போட்டுச் சமர்ப்பிக்க ஒரு டிராஃப்ட்ஸ்மேனை அமர்த்த வேண்டியிருக்கும். அது மாதக்கணக்கில் ஆகும் வேலை. அந்த வாடகை அறைகளைக் காட்டித்தானே நாம் கூடுதல் விலை கேட்கப் போகிறோம்? வாங்குபவர் பாண்டு, அதாவது வீட்டுக் கடன், கேட்கும் வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து, வரைபடத்தில் இல்லாத அறைகளைக் கணக்கில் சேர்க்க மறுத்தால், கேட்ட கடன் அவருக்குக் கிடைக்காது. நம் விற்பனை அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது சமையலறைக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மண் சரிந்து எத்தனை வீடுகள் போயின என்பது உனக்குத் தெரியும். அதன் பிறகு, இந்த மலைச்சரிவில் வீடு பார்க்க வருகிறவர்கள் ஹாலைப் பார்ப்பதற்கு முன் பின்பக்கச் சுவரைத்தான் பார்க்கிறார்கள். நான் சென்று பார்த்தேன். சுவரின் அடிவரிசையில் நீர் வடிவதற்கு விட்டிருக்கும் குழாய்த் துளைகளில் பாதிக்கு மேல் மண்ணும் வேரும் அடைத்துக் கிடக்கின்றன. இடது மூலையில் ஒரு விரிசல், ஒரு ரூலர் நீளத்துக்குச் சாய்வாக ஓடுகிறது, அதன் ஓரத்தில் வெள்ளை உப்புப் படிந்திருக்கிறது. அடைப்பை எடுக்கச் சொல்லிவிட்டேன். விரிசலைச் சிமெண்ட் பூசி மறைக்க மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். ஒரு பொறியாளரை அழைத்துப் பார்க்கச் சொல்லி, அவர் எழுதித் தருவதைக் கையில் வைத்துக்கொள்வோம்.

இது நேர்மையோடு மட்டும் நிற்கிற விஷயம் அல்ல. 2022 பிப்ரவரி 1 முதல் நடப்பில் உள்ள சொத்துத் தொழில் சட்டத்தின்படி, வீட்டில் உனக்குத் தெரிந்த குறைகளைப் படிவத்தில் நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுக்காமல் எந்த ஏஜென்ட்டும் மேண்டேட்டை, அதாவது விற்றுத் தரும் பொறுப்பை, ஏற்கக் கூடாது. ஒப்பந்தத்தில் ஃபுட்ஸ்டூட்ஸ் என்று ஒரு வரி இருந்தால் போதும், உள்ளதை உள்ளபடியே விற்றாகிவிட்டது, பிறகு யாரும் கேட்க முடியாது என்று உன் சித்தப்பா சொல்வார். அது தெரியாத குறைகளுக்குத்தான் காப்பு. தெரிந்தே மறைத்தவருக்கு அந்த வரி உதவாது. 2023-இல் ப்ளூம்ஃபொன்டெயினில் உள்ள உச்ச மேல்முறையீட்டு மன்றம், கூரைக் கசிவைத் தெரிந்தும் சொல்லாமல் விற்றவர்கள் அந்த வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே சுவர், வரைபடம், 2022-இல் கராஜில் தண்ணீர் புகுந்தது ஆகிய எல்லாவற்றையும் எழுதிவிடு. எழுதப்பட்ட குறைக்கு விலையில் ஒருமுறை சிறிது விட்டுக்கொடுப்போம், அதோடு முடிந்துவிடும்.

மரத்தையும் மறக்காதே. மாரியம்மன் கஞ்சி ஊற்றும் மாதத்தில் வேப்பிலைக்குப் பதிலாக நாம் இலை பறிக்கிற அந்த சிரிங்கா, இந்த நாட்டில் அயல் ஊடுருவல் தாவரமாகப் பட்டியலிடப்பட்டது. அப்படிப்பட்ட தாவரம் மனையில் இருந்தால் ஒப்பந்தத்துக்கு முன்பே வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2014 முதல் விதி இருக்கிறது. ஒரு வரி எழுதினால் போதும்.

சான்றிதழ்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின் இணைப்புச் சான்றிதழ் இரண்டு ஆண்டுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். மின்வெட்டு மோசமாக இருந்தபோது நீ வைத்த இன்வெர்ட்டரும் பேட்டரியும் பழைய சான்றிதழில் இருக்காது. அவற்றையும் சேர்த்துப் புதிதாக வாங்குவது நல்லது. மதில்மேல் ஓடும் மின்வேலிக்குத் தனிச் சான்றிதழ், சமையல் எரிவாயுவுக்குத் தனி. நம் டர்பன் பக்கம், மரத்தை வண்டு அரிக்கவில்லை என்று காட்டும் வண்டுச் சான்றிதழும் ஒப்பந்தத்தில் வழக்கமாகக் கேட்பார்கள். ஆய்வாளர் கூரைக்குள் ஏறி மரச்சட்டங்களை ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்ப்பார். துளையும் அதன் கீழே மாவுபோல் தூளும் இருந்தால் மருந்தடிக்கவோ சட்டத்தை மாற்றவோ நேரும். அதை நம் வசதிக்கு இப்போதே பார்த்துக்கொண்டால், பின்னர் அவசரத்துக்குச் சொன்ன கூலியைக் கொடுக்க வேண்டியதில்லை.

மாநகராட்சி பாக்கியில்லாச் சான்றிதழ் தராமல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப்பதிவு அலுவலகம் வீட்டைப் பெயர் மாற்றாது. அந்தச் சான்றிதழுக்கு 60 நாள்தான் ஆயுள் என்பதால் அதை முன்கூட்டி வாங்கி வைப்பதில் பயனில்லை. ஆனால் தண்ணீர் மீட்டரைப் படிக்காமலே உத்தேசமாகப் போட்ட பில்களைத் தீர்த்துக்கொள்ள இதுதான் சமயம். மீட்டரைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். நீ ஈமெயிலில் முறையிட்டு, அந்த முறையீட்டின் எண்ணைக் கேட்டு வை. உன் பாண்டு பாக்கி இருப்பதால், அதை அடைத்து மூடப் போவதாக வங்கிக்கு 90 நாள் முன்னறிவிப்பும் இப்போதே கொடுத்துவிடு. கொடுக்காவிட்டால் அந்த நாட்களுக்கான வட்டியை அபராதமாகப் பிடித்துக்கொள்வார்கள். விற்பனை தள்ளிப்போனால் அறிவிப்பைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

இனி ஏஜென்ட். மூன்று பேரை வரவழைத்து மதிப்புக் கேட்போம். அவர்களில் மிகப் பெரிய தொகை சொல்பவரிடம் மனம் சாய்வது இயல்பு. ஆனால் மேண்டேட்டைப் பிடிப்பதற்காகவே அப்படிச் சொல்லிவிட்டு, இரண்டு மாதம் கழித்து விலையைக் குறைக்கச் சொல்லும் ஏஜென்ட்டுகள் உண்டு. அதற்குள் வீடு பழைய சரக்காகிவிடும், வருகிறவர்கள் எல்லாரும் இதில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். ஆகவே தொகையைக் கேட்காதே, அந்தத் தொகைக்கு ஆதாரம் கேள். பக்கத்துத் தெருக்களில் அண்மையில் பெயர் மாறிய வீடுகள் எவை, பதிவான விலை எவ்வளவு, அவற்றில் எத்தனை அறை என்று காட்டட்டும். விளம்பரத்தில் கேட்கும் விலை வேறு, பதிவான விலை வேறு. ஏஜென்ட் தொழில் செய்ய வேண்டிய நடப்பு ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் இருக்கிறதா என்று பார். அது இல்லாதவருக்குக் கமிஷன் கேட்க உரிமை இல்லை. கமிஷன் விகிதத்தை எந்தச் சட்டமும் நிர்ணயிக்கவில்லை, பேசிக் குறைக்கலாம். 15% வாட் அதற்குள்ளா வெளியேயா என்பதை எழுதி வாங்கு. ஒரே ஏஜென்ட்டுக்குத் தருவதானால் முடியும் தேதியை எழுதித்தான் தர வேண்டும். வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பது வழக்கப்படி விற்பவரின் உரிமை. ஏஜென்ட் தன் ஆளைச் சொன்னால் தலையாட்டாதே.

பூஜை அறையைக் காலி செய்து படுக்கையறையாகக் காட்டச் சொல்லும் யோசனையும் வரும். நான் அதை ஏற்கவில்லை. ரெசர்வயர் ஹில்ஸில் வீடு தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் விளக்கு வைக்க ஓர் இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். குழந்தைகளின் படங்களையும் பழைய சோஃபாவையும் எடுத்துவிட்டு, சுவருக்கு வெள்ளை அடித்தால் போதும். சமையலறையைப் புதிதாக மாற்றிச் செலவழிக்காதே. அந்தப் பணம் விலையில் முழுதாகத் திரும்பி வராது.

கோயிலில் பார்த்தபோது உன் பெரியப்பா மகன், வீட்டைத் தனக்கே தரும்படி கேட்டான். உறவு என்பதால் மரியாதையாகப் பதில் சொன்னேன். வீடு, நிலம் விற்பது எழுத்தில் இருந்து இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்று 1981-இன் சட்டம் சொல்கிறது, வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை. அவனுக்கு மனமிருந்தால் மற்றவர்களைப்போல் ஆஃபர் எழுதித் தரட்டும். ஆஃபர் வந்ததும் தொகையை மட்டும் பார்க்காதே. பாண்டு கிடைத்தால்தான் என்ற நிபந்தனைக்கு எந்தத் தேதி கெடு, முன்பணம், வழக்கறிஞர் பிறர் பணத்தை வைத்திருக்கும் டிரஸ்ட் கணக்கில் எப்போது வரும், அவர் தன் வீட்டை விற்றால்தான் இதை வாங்குவாரா, பதிவுக்கு முன் குடியேறினால் மாதம் எவ்வளவு தர வேண்டும் என்ற நான்கையும் படி. தன் வீட்டை விற்றாக வேண்டியவர் ஐம்பதாயிரம் ராண்ட் கூடுதலாகச் சொன்னாலும், முன்பணம் கட்டி பாண்டு ஒப்புதலும் கையில் வைத்திருப்பவரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

வரி விஷயத்தில் நீ வெளிநாட்டுவாசி என்பது முக்கியம். வரிக்கணக்கில் இந்நாட்டில் வசிக்காதவர் 2 மில்லியன் ராண்டுக்கு மேல் விற்றால், வாங்குபவர் விலையில் 7.5% பிடித்து தென்னாப்பிரிக்க வரித் துறையான சார்ஸுக்குக் கட்ட வேண்டும். அது முன்கூட்டிப் பிடிக்கும் தொகைதான், கடைசிக் கணக்கில் கழியும்; லாபம் குறைவென்று காட்ட முடிந்தால் குறைத்துப் பிடிக்கும்படி உத்தரவும் முன்பே கேட்கலாம். லாபத்தைக் கணக்கிட உன் ரசீதுகள் வேண்டும். அறைகள் கட்டியதும் சுவர் எழுப்பியதும் செலவாகக் கழியும். வெள்ளையடித்ததும் குழாய் மாற்றியதும் கழியாது. சொந்தமாகக் குடியிருந்த வீட்டுக்கு உள்ள விலக்கு, நீ குடியிருந்த காலத்துக்கும் பகுதிக்கும் ஏற்பவே கிடைக்கும். மாணவர்களுக்கு விட்ட அறைகள் அதில் சேராது. விற்ற பணத்தை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்ப சார்ஸின் ஒப்புதல் தேவைப்படும், அதற்கு 2023 ஏப்ரலிலிருந்து புதிய முறை. இதற்கெல்லாம் கணக்காளர் ஒருவரை இப்போதே அமர்த்து. வரிக் கணக்கில் ஏதாவது தாக்கல் செய்யாமல் விட்டிருந்தால் பெயர் மாற்றமே நிற்கும்.

உனக்குப் பதிலாக இங்கே கையெழுத்திட அதிகாரம் தரும் பவர் ஆஃப் அட்டர்னியை நோட்டரி முன் கையெழுத்திட்டு மூலத்தையே கூரியரில் அனுப்ப வேண்டும், ஸ்கேன் செல்லாது. திருமணத்துக்கு முன் தனி ஒப்பந்தம் எழுதாததால் நீங்கள் இருவரும் கூட்டுச் சொத்துரிமையில் இருக்கிறீர்கள். ஆகவே மருமகளும் கையெழுத்திட வேண்டும். வாசகத்தை வழக்கறிஞரே எழுதித் தரட்டும்.

ஒன்றில் மட்டும் என் பேச்சைக் கட்டாயமாகக் கேள். வங்கிக் கணக்கு எண்ணை ஈமெயிலில் வந்ததை நம்பி ஒருநாளும் ஏற்காதே. இங்கே வீடு வாங்கிய ஒருவர், திருடர்கள் இடைமறித்து மாற்றிய கணக்கு எண்ணை நம்பி 5.5 மில்லியன் ராண்ட் அனுப்பி இழந்தார். 2024-இல் உச்ச மேல்முறையீட்டு மன்றம் வழக்கறிஞர் நிறுவனம் ஈடு தரத் தேவையில்லை என்று தீர்ப்பளித்துவிட்டது. உன் கணக்கு விவரத்தை வழக்கறிஞரிடம் ஒருமுறை தொலைபேசியில் குரல் கேட்டு உறுதி செய். இனி மாற்றம் என்று யார் எழுதினாலும் உன்னை அழைத்துக் கேட்காமல் ஏற்க வேண்டாம் என்று அவர்களிடம் எழுத்தில் கொடு.

கடைசியாக, பின்கட்டில் வாடகைக்கு இருக்கும், பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்து மாணவர்கள். வீடு கைமாறினாலும் அவர்களுடைய வாடகை ஒப்பந்தம் முடியும்வரை புதிய உரிமையாளரையும் அது கட்டுப்படுத்தும். வெளியேற்றிவிட்டு விற்கலாம் என்று நினைக்காதே. சட்டமும் இடம் தராது, தேர்வுக் காலத்தில் பிள்ளைகளை அலைய விடுவதும் சரியல்ல. ஒப்பந்தத்தின் நகல் என்னிடம் இல்லை. அதை இந்த வாரம் அனுப்பி வை. முடியும் தேதியைப் பார்த்துக்கொண்டு நானே அவர்களிடம் பேசுகிறேன், ஏஜென்ட்டுகளை அதன் பிறகு வரச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா